வாசலிலிருந்து எடுத்த ‘வா’

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த ஒலிப்பதிவுக் கூடத்து டீயிலேயே காலம் தள்ளுகிறாயா? நானும் உன் மாமாவும் நன்றாக இருக்கிறோம். மாமாவுக்குப் பஸ்ஸில் பழைய தடம்தான், காலை ஷிப்டு.

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். பக்கவாதத்தில் விழுந்த வலது கை இன்னும் வரவில்லை. பிடித்துக்கொண்டால் நடக்கிறாள். நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பேச்சுதான் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஏதோ சொல்ல வந்து, வாயைத் திறந்து, அது வராது என்று தெரிந்ததும் என்னையே பார்க்கிறாள். நான் என்ன செய்வேன், சொல்லு.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு டீச்சர் வருகிறார். சின்னப் பெண்தான், ஆனால் கெட்டிக்காரி. பேச்சு போன சிலருக்குப் பாட்டு மட்டும் போகாமல் தங்கியிருக்குமாம். தெரிந்த பாட்டைப் பாடிக்கொண்டே வந்து கடைசி வார்த்தையை நாம் விட்டுவிட வேண்டுமாம். அவர்களே அதை எடுத்துப் போட்டு முடிப்பார்களாம். அப்படியே ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பப் பிடிக்கலாமாம். டீச்சர் தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடிப் பார்த்தார். அம்மா அடுத்த வீட்டுக் கச்சேரிக்கு வந்தவள் மாதிரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

போன வாரம் நான் கம்பெனிச் சட்டைகளுக்குக் காலர் தைத்துக்கொண்டே நம்ம ‘வாசலிலே வெயிலிருக்கு’ பாட்டை முணுமுணுத்தேன். அம்மா சட்டென்று தலையைத் தூக்கினாள். வார்த்தை இல்லாமல் மெட்டை மட்டும் கூடவே இழுத்தாள், சுருதி பிசகாமல். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

ஆனால் என் குரல் உனக்குத் தெரியும். நான் பாடினால் தையல் மெஷினே நின்றுவிடும். அம்மாவுக்கு அவள் குரலே வேண்டும். அவள் பாடிய அந்தப் பழைய இசைத்தட்டு உங்கள் கூடத்தில் எங்காவது கிடக்கும் என்பாயே, கேசட்டில் எடுத்து அனுப்பேன்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியிலிருந்து நீ கிளம்பிய அன்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலருகே நின்றாயே, அம்மா உன்னிடம் ஏதோ சொல்லப் பார்த்தாள். வாயைத் திறந்து திறந்து மூடினாள். நீயும் காத்துக்கொண்டு நின்றாய். ரயிலுக்கு நேரமாச்சு என்று உன்னைத் தள்ளிவிட்டது நான்தான். அதன் பிறகு அவள் நாள் முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 2

அன்பு அக்காவுக்கு,

சின்னவன் எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, சளியைத் தவிர. நீ, மாமா, அம்மா எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்.

தட்டு கிடைத்துவிட்டது! பீரோவின் அடித்தட்டில், யாருக்கும் வேண்டாத தட்டுகளுக்கு நடுவில். உறையில் அம்மா பெயர் இல்லை. ‘கிராமியப் பாடல். பெண் குரல்’ என்று போட்டிருக்கிறது. பெண் குரலாம்! நம்மை அடித்துத் திட்டி வளர்த்ததெல்லாம் அந்தப் பெண் குரல்தான்.

நீ சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமான கதைதான். அம்மா சாலை போடும் கூட்டத்தில் வேலை பார்த்த காலம். கூட்டத்திலிருந்து யாராவது வேறு வேலைக்குக் கிளம்பினால் எல்லாரும் சேர்ந்து பாடி அனுப்பும் பாட்டு. பாட்டுச் சேகரிக்க வந்த ஒருவர் அம்மாவை வானொலி நிலையத்துக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக்கு வெளியே நீ என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாய். நேற்று அதையெல்லாம் என் காதாலேயே கேட்டேன்:

வாசலிலே வெயிலிருக்கு, வழியெல்லாம் நிழலிருக்கு,
தூக்கிவச்ச மூட்டையிலே தூங்காத மனசிருக்கு...

கடைசி அடி வருகிறது. ‘ஆத்தத் தாண்டி, மேட்டத் தாண்டி, அழுகாம போ...’ என்று இழுக்கிறாள். அந்த இழுப்புக்கு நடுவில் ‘வீல்’ என்று ஒரு குழந்தை அலறல். அதோடு வெட்டிவிட்டார்கள். அந்தக் குழந்தை நான்தானே? கண்ணாடியைத் தாண்டிக் கேட்கிற தொண்டை! சம்பளம் தராமல் எடுத்த என் முதல் ஒலிப்பதிவு.

ஒரு வேடிக்கை கேள். இந்தப் பாட்டை அப்புறம் பாடியவர்களின் பதிவுகளும் பக்கத்திலேயே இருந்தன. எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுக் கேட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சேர்ந்திசை ஒன்று. வாத்தியார் யாரோ இலக்கணம் திருத்தி ‘அழாமல் போ’ என்று பாடவைத்திருக்கிறார். பிள்ளைகள் கை கட்டிக்கொண்டு பாடுவது காதிலேயே தெரிகிறது. கனத்த குரல்காரர் ஒருவர் உருகி உருகி ‘போ... போ... போ...’ என்று மூன்று தடவை பாடுகிறார், கேட்கிறவன் எழுந்து போய்விடலாம் போலிருக்கிறது. எல்லாரும் இந்த ஒரு தட்டைக் கேட்டுக் கற்றுக்கொண்டவர்கள். அதனால் எல்லாருக்கும் பாட்டு ‘போ’வோடு முடிந்துவிட்டது. அது அங்கே முடிகிற பாட்டில்லை அல்லவா?

இன்னும் வேடிக்கை, எங்கள் இசையமைப்பாளர் அடுத்து எடுக்கப்போவதும் இதே பாட்டுதான். இப்போது பெயரெடுத்திருக்கும் அந்த இளம்பாடகி பாடுகிறார். பாடியது என் அம்மா என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஒரு மாதிரி இருக்கிறது.

கேசட்டை இதனுடன் அனுப்பியிருக்கிறேன். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

சின்னவன்


பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

சளி விட்டதா? வெந்நீரில் ஆவி பிடி. நாங்கள் இருக்கிறோம்.

கேசட் வந்தது. டீச்சர் இருக்கும்போதே போட்டோம். அம்மா முதல் அடியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். உன் அலறல் வந்ததும் அழுகையோடு சிரித்தாள். திரும்பப் போடு என்று இடது கையால் காட்டினாள். மறுபடி, மறுபடி. கடைசியில் டீச்சர் ‘அழுகாம’ என்ற இடத்தில் பொத்தானை அமுக்கி நிறுத்தினார். அம்மா வாய் திறந்தது. ‘போ’ என்றாள்.

தெளிவாகச் சொன்னாள் தம்பி. டீச்சர் கை தட்டினார். நான் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். ஆனால் அம்மா சந்தோஷப்படவில்லை. ‘போ’ என்றாள், அடுத்து எதையோ தேடினாள். அது கிடைக்கவில்லை. திரும்ப ‘போ’. எதையோ எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி முகம் அலைந்தது.

எனக்குத் தெரியும் அவள் எதைத் தேடுகிறாள் என்று. கண்ணாடிக்கு வெளியே நின்றவள் நான்தானே. நீ அலறிய பிறகும் அம்மா நிறுத்தவில்லை, முழுக்கப் பாடினாள். ‘அழுகாம போயி வா.’ அந்த ‘வா’வை அவள் நீளமாகப் பாடி மெல்ல இறக்கி வைப்பாள். அதை நீயும் கேட்டிருப்பாய், ஆனால் வாயை மூடிக்கொண்டு கேட்டாயா!

இப்போது வீட்டில் ஒரே கூத்து. அம்மாவுக்கு இருப்பது ஒரே ஒரு வார்த்தை. தண்ணீர் கொடுத்தால் ‘போ’. டீச்சரைப் பார்த்தால் ‘போ’. காலையில் மாமா சட்டையை மாட்டிக்கொண்டு டூட்டிக்குக் கிளம்பும்போது அன்பாக அவரைப் பார்த்து ‘போ’.

“நாள் பூரா வண்டி ஓட்டுற மனுஷனப் பாத்து உங்கம்மா இப்படிச் சொன்னா நான் எப்படிம்மா ஸ்டியரிங்கப் பிடிப்பேன்?” என்கிறார் மாமா. ‘போய்ட்டு வா’ என்று கேட்காமல் வாசலைத் தாண்டாதவர் அவர். இப்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போகிறார். அம்மாவுக்கு அது தெரிந்துவிட்டது. அவர் பின்பக்கம் போகும் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்கிறாள். அவளுக்கு எவ்வளவு வலிக்கும் தம்பி! நம் வாழ்நாளில் யாரையாவது வெறும் ‘போ’ என்று அனுப்பியிருப்பாளா? கோபத்தில் நம்மை விரட்டும்போதுகூட ‘எங்கயாவது போய்த் தொலைஞ்சிட்டு வா’ என்பாளே.

உனக்கும் அன்று அதைத்தான் சொல்லப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

கடிதம் போடு.

அக்கா


மார்ச் 19

அன்பு அக்காவுக்கு,

சளி போய்விட்டது, இருமல் மட்டும் வாடகை தராமல் தங்கியிருக்கிறது. அம்மாவுக்கு வார்த்தை வர ஆரம்பித்ததே பெரிய விஷயம். டீச்சருக்கு என் வணக்கம்.

இங்கே பாட்டை எடுத்து முடித்துவிட்டோம். வயலின்காரர்கள் மட்டும் ஒரு பஸ் நிறைய. பாடகி நல்ல பெண், உண்மையாகவே குரல் இருக்கிறது. தட்டைக் கேட்டுக் கேட்டு அம்மா மூச்சு வாங்கும் இடத்தில்கூட மூச்சு வாங்குகிறார். கடைசி அடியில் ‘அழுகாம...’ என்று குரலைத் தாழ்த்தி, வாத்தியங்களையெல்லாம் நிறுத்திவிட்டு, ‘போ!’ என்று ஓங்கி ஒரு அடி. தன்னை விட்டுப் போகிறவனை முகத்துக்கு நேரே விரட்டுகிற மாதிரி. பக்கத்தில் நின்ற தபேலாக்காரருக்குப் புல்லரித்துவிட்டதாம். எனக்கும்தான் அக்கா, பொய் சொல்லக் கூடாது. அப்புறம்தான் அம்மா நினைவுக்கு வந்தாள்.

இசையமைப்பாளரிடம் போய், “சார், அது ‘போயி வா’ சார். அனுப்பிவைக்கிற பாட்டு, விரட்டுற பாட்டு இல்ல” என்றேன்.

“யார் சொன்னா?”

“கேள்விப்பட்டேன் சார்.”

அவர் தட்டைப் போடச் சொன்னார். நானே முள்ளை எடுத்து வைத்தேன். ‘போ...’, அலறல், வெட்டு. “இதுல எங்கப்பா ‘வா’ இருக்கு? எனக்குக் குழந்தை சத்தம்தான் கேக்குது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் குழந்தை அவர்களுக்கு நடுவில் மீசையோடு நின்றுகொண்டிருந்தது. “அந்தப் ‘போ’லதான்யா பாட்டோட உயிரே இருக்கு” என்று சொல்லி முடித்துவிட்டார். நான் தட்டை எடுத்து உறையில் போட்டேன்.

ஆனால் அம்மாவுக்காக நான் ஒன்று செய்கிறேன். அம்மா குரலிலேயே ‘வா’வைத் தேடுகிறேன். கிடைத்தால் சொல்கிறேன்.

சின்னவன்


மே 5

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? கடிதமே காணோம். இருமல் நின்றதா?

உங்கள் பாட்டு வந்துவிட்டது. வந்துவிட்டது என்றா சொல்வது, குடியேறிவிட்டது. எதிர்ச் சாரியில் இருக்கும் கேசட் கடையில் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அதுதான், இறக்கும்வரை அதுதான். மாமா பஸ்ஸில் பள்ளிக்கூடப் பெண்கள் அதைப் பாடுகிறார்களாம். ‘போ!’ வரும்போது எல்லாரும் சேர்ந்து கத்துவார்களாம். என் தையல் கம்பெனியில் சூப்பர்வைசர் தைத்த சட்டைகளை வாங்கிக்கொண்டு எங்களை அனுப்பும்போது அதைப் பாடிக் காட்டுகிறார், பெரிய நகைச்சுவை என்று நினைப்பு.

அம்மா முதல் நாள் கேட்டபோது தன் குரல் என்று நினைத்துவிட்டாள். முகம் மலர்ந்து தலையை ஆட்டினாள். அந்த ‘போ!’ வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். யாரோ தன் பெயரில் கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி. தலையை ‘இல்லை, இல்லை’ என்று ஆட்டினாள். வாயைத் திறந்தாள். வந்தது அதே ‘போ’தான். அழுதாள் தம்பி. இப்போது அந்த இடம் வருவதற்கு முன்பே காதைப் பொத்திக்கொள்கிறாள். ஒரு கைதான் வேலை செய்கிறது, ஒரு காதைத்தான் பொத்த முடிகிறது. இன்னொரு காதை நான் போய்ப் பொத்துகிறேன்.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்தான். “நான் நிறுத்தலாம்மா, தெரு முழுக்க யாரு நிறுத்துவா?” என்றார். நியாயம்தானே. ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினால் புழுக்கம்.

தம்பி, ஒரு தடவை வந்துவிட்டுப் போயேன். அந்த வார்த்தை அம்மாவுக்கு உன்னைப் பார்த்தால் வரும் என்று தோன்றுகிறது. பயிற்சி டீச்சரும் ஆள் நேரில் நின்றால் வார்த்தை தானாக வரலாம் என்கிறார்.

பதில் போடு.

அக்கா


மே 20

அன்பு அக்காவுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன்.

கேசட் ஒன்று அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு ‘வா’ கண்டுபிடித்துவிட்டேன். பாட்டின் முதல் அடியிலேயே இருந்திருக்கிறது, ‘வாசலிலே வெயிலிருக்கு’. ‘வாசல்’ என்பதில் இருந்து ‘வா’, ‘வெயில்’ என்பதில் இருந்து ‘யி’. தட்டை டேப்பில் எடுத்து, பிளேடால் அந்த இரண்டு எழுத்தையும் வெட்டி, கடைசியில் ‘போ’வுக்குப் பின்னால் ஒட்டினேன். என் அலறலை நீக்கிவிட்டேன், இனிமேல் யாரையும் தொந்தரவு செய்யமாட்டேன். ‘அழுகாம போ... யி வா.’ அம்மா குரலேதான். ‘வா’ கொஞ்சம் குட்டையாக, கீழ்ச் சுருதியில் இருக்கிறது. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

போட்டுக் காட்டிவிட்டு எழுது. லீவு கேட்டிருக்கிறேன், வேலை நெருக்கடி. பார்க்கலாம்.

சின்னவன்


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கேசட்டைப் பற்றி எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நீ மனசு வைத்துச் செய்திருக்கிறாய், எனக்கு அது கேட்கிறது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ‘போயி’ வரைக்கும் கூடவே வந்தாள். அந்த ‘வா’ வந்தது. அம்மா கண்ணைத் திறந்து, தெளிவாக, டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரியே மிச்சத்தை எடுத்துப் போட்டு முடித்தாள்.

‘சல்’ என்றாள். ‘வாசல்.’

புரிகிறதா? நீ அந்த ‘வா’வை எங்கிருந்து வெட்டினாய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தன் குரலில் ‘வாசல்’ சொல்லத்தான் ஆரம்பித்திருக்கிறாள் என்று அவள் காது கண்டுபிடித்துவிட்டது. நானும் டீச்சரும் எத்தனையோ சொல்லிப் பார்த்தோம். ‘வா’ என்று நாங்கள் எடுத்துக் கொடுத்தாலே ‘வாசல்’ என்கிறாள்.

ஆக இப்போது இரண்டு வார்த்தை. ‘போ’, ‘வாசல்’. எரிவாயு உருளை கொண்டுவந்தவரைப் பார்த்து இரண்டையும் சேர்த்துச் சொன்னாள். “நான் என்ன தப்புப் பண்ணேன்னு என்னைய வாசலுக்குப் போகச் சொல்றாங்க?” என்று அவர் கோபித்துக்கொண்டார். மாமா சிரித்துவிட்டு, அப்புறம் சமையலறைக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் சிரிக்க முடியாதது ஒன்று. சொன்னதோடு நிற்கவில்லை, வாசலைக் கை காட்டினாள். கூட்டிப்போனேன். அங்கேயே நின்றாள். நாற்காலி போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் வாசல்தான். வெயில் ஏறினால்கூட உள்ளே வரமாட்டேன் என்கிறாள். யாரை எதிர்பார்க்கிறாள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டுமா? உன் கேசட் அவளை வாசலுக்குப் போ என்று சொன்னது, அவள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

வா தம்பி. நான் சொல்வது ‘வாசல்’ இல்லை, வெறும் ‘வா’.

அக்கா


ஜூலை 9

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, அம்மா நலமா?

உன் கடிதம் வந்தது. பலமுறை படித்தேன். வெயிலில் அம்மாவை அதிக நேரம் உட்காரவைக்காதே. தலையில் துண்டு போடு. குடை ஒன்று வாங்கி நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடு.

பாட்டு எங்கேயோ போய்விட்டது அக்கா. புதிய பதிப்பின் உறையில் ஒலிப்பதிவு உதவி என்று என் பெயர் போட்டிருக்கிறார்கள். பாட்டுக்கு நேரே ‘பாரம்பரியம்’ என்று மட்டும் இருக்கிறது. பெண் குரலும் போய்விட்டது.

அந்தப் பாடகியோடு ஊர் ஊராக நிகழ்ச்சி. ஒலிப்பெருக்கிகளை நான்தான் பார்க்க வேண்டும். இப்போதைக்கு வர முடியாது. வந்தாலும் ஒரு நாள் இருந்துவிட்டு உடனே கிளம்ப வேண்டியிருக்கும். வந்துவிட்டு உடனே கிளம்புவது அம்மாவுக்கு நல்லதில்லை. அதுதான் யோசிக்கிறேன்.

இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறேன்.

சின்னவன்


ஆகஸ்ட் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா வாசலில் இருந்தபோதுதான் வந்தது. தபால்காரர் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

அம்மா இப்போது வாசலுக்கு வருவதில்லை. உள்ளே படுத்திருக்கிறாள். இரண்டு நாளாகக் காய்ச்சல். சாப்பாடு இறங்கக் கொஞ்சம் சிரமப்படுகிறாள். டாக்டர் வந்து பார்த்தார். கேசட் எதுவும் போடுவதில்லை, அவளும் கேட்பதில்லை. அமைதியாக இருக்கிறாள்.

உனக்கு முடிந்தபோது வா. குடை வாங்கினேன், சிவப்பு.

அக்கா


ஆகஸ்ட் 13

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. இவ்வளவு சின்னக் கடிதம் நீ எழுதியதே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

நேரே இசையமைப்பாளர் அறைக்குப் போனேன். “சார், அந்தத் தட்டுல பாடுறது எங்கம்மா. அழுற குழந்தை நான்” என்றேன். அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். “ஏன்யா முன்னாடியே சொல்லல?” என்றார். லீவு கொடுத்துவிட்டார். அடுத்த பதிப்பில் அம்மா பெயரைப் போடுகிறேன் என்று சொல்லிப் பேனாவைத் திறந்து, “அம்மா பேரு என்ன?” என்று கேட்டார். சொன்னேன். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார், சொன்னேன். யாரும் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை அக்கா.

‘போ’வை மட்டும் இனி மாற்ற முடியாதாம். ஊரெல்லாம் பாடிவிட்டார்கள்.

சனிக்கிழமை ரயிலில் கிளம்புகிறேன். அம்மாவிடம் சொல். வாசலில் உட்காரவைக்காதே, நானே உள்ளே வருகிறேன் என்று சொல்.

சின்னவன்


செப்டம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதியிருந்தாய், கிடைத்தது. நானும் மாமாவும் ஏதோ இருக்கிறோம். நீ சாப்பிடு. நீ போட்ட ஆகஸ்ட் கடிதம், அம்மா போய்விட்டாள் என்று நாங்கள் உனக்குத் தந்தி அடித்த பிறகுதான் வந்தது. பிரித்துப் படித்துவிட்டு அம்மா கட்டில் மேலே வைத்தேன். பிறகு எடுத்துக்கொண்டேன்.

நீ இங்கே இருந்த நாளெல்லாம் உன்னிடம் ஒன்றைச் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. நீ அம்மா படுத்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். எழுதாமல் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. என்னைத் திட்டாதே.

உன் ஜூலைக் கடிதம் வந்த அன்று அம்மா வாசலில் இருந்தாள். நான் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தபால்காரர் வந்து நின்றிருக்கிறார், தோளில் பை. அவருக்குப் பின்னால் வெயில். அம்மாவுக்கு முகம் தெரிந்திருக்காது, பையும் ஆளும்தான் தெரிந்திருக்கும்.

அம்மா “வா” என்றாள்.

நான் கேட்டேன் தம்பி. அது ‘வாசல்’ இல்லை. நீ வெட்டி ஒட்டிய குட்டை ‘வா’வும் இல்லை. கடைசி அடியில் வரவேண்டியது. நீளமாக எடுத்து மெல்ல இறக்கி வைத்தாள். கண்ணாடிக்கு வெளியே உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டேனே, அதே ‘வா’. ஈரக் கையோடு ஓடி வந்தேன்.

தபால்காரர் திகைத்துப்போய், “என்னையாம்மா கூப்பிடுறாங்க?” என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் படியில் உட்கார்ந்தார். அம்மா அவர் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள், தடவித் தடவிப் பார்த்தாள். அப்படி ஒரு நிறைவை நான் அவள் முகத்தில் பார்த்ததில்லை. அவர் பாவம், மிச்சத் தபாலையெல்லாம் மறந்து உட்கார்ந்திருந்தார். உன் கடிதம் அவர் கையிலிருந்து என் கைக்கு வந்தது. அங்கேயே பிரித்தேன். ‘இப்போதைக்கு வர முடியாது’ என்று எழுதியிருந்தாய்.

அப்புறம் அவள் வாசலைக் கேட்கவில்லை. வந்துவிட்டாய் என்று நினைத்துவிட்டாள். எதிர்பார்ப்பு தீர்ந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். காய்ச்சல் வந்தது. அந்த ‘வா’வைத்தான் நான் உனக்கு எழுதாமல் விட்டேன். எழுதியிருந்தால் நீ உடனே வந்திருப்பாயோ என்று இப்போது தினமும் கேட்டுக்கொள்கிறேன். உன் ‘வா’ வேறொருவருக்குப் போய்விட்டது. அவரிடம் போய்த் திரும்ப வாங்கி வர முடியுமா?

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் ‘போய்ட்டு வர்றேன்’ என்று சொல்வதில்லை. நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு நீ படி இறங்கினாய். எதிர்க் கடையில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் உன்னைப் பார்த்துவிட்டு மரியாதைக்காகச் சட்டென்று நிறுத்தினார். எங்கே நிறுத்தினார் பார், சரியாக ‘அழுகாம போ’ முடிந்த இடத்தில். நீ திரும்பிப் பார்க்காமல் நடந்தாய். உனக்கும் கேட்டிருக்கும்.

நேற்றுத் தபால்காரர் வந்தார். கடிதம் எதுவும் இல்லை, சும்மாதான். நாற்காலியை நான் இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து பையை மாட்டிக்கொண்டு, “போய்ட்டு வர்றேம்மா” என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு வரவில்லை. எனக்கு எந்த நோயும் இல்லை, வாய் நன்றாக இருக்கிறது, வரவில்லை.

இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிடுகிறேன். என் குரல் உனக்குத் தெரியும், அதனால் எழுதிவிடுகிறேன். அம்மாவுடையது மாதிரி இருக்காது.

போயி வா, தம்பி.

உன் அக்கா